ஒரு தெருவுக்கு ஆறு பெயர்: மழைக்கு முன் நாம் எடுக்க வேண்டிய முடிவு

வைகை அணையில் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை. 68.5 அடியில் இரண்டாவது. 69 அடியில் மூன்றாவது. அணையில் தேக்கும் முழு நீர்மட்டம் 71 அடி. தேனிப் பக்கம் அணையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பொறியாளருக்கும், மதுரையில் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருக்கும் தாசில்தாருக்கும், ராமநாதபுரத்துக் கடைமடை விவசாயிக்கும் இந்த மூன்று எண்களுக்கும் ஒரே அர்த்தம்தான். ‘மூணாவது எச்சரிக்கை விட்டாச்சு’ என்று ஒருவர் சொன்னால், கரையோரத்தில் ‘அப்படின்னா என்ன?’ என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டிவிடுவார்கள்.

நம் கண்மாய்க்கு அப்படி ஊரறிந்த எண் எதுவும் இல்லை. 2024 அக்டோபர் 25 மதுரையில் எல்லோருக்கும் நினைவிருக்கும். பிற்பகல் மூன்று மணிக்குப் பிடித்த மழை பதினைந்தே நிமிடத்தில் நாலரை சென்டிமீட்டர் கொட்டியதாக அரசு பிறகு சொன்னது. அன்று மொத்தமே பெய்தது பத்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவுதான். வைகையின் வடகரையில் தாழ்வான தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. ஆற்று வெள்ளம் என்றால் அணையிலிருந்து நம்மிடம் வந்து சேர்வதற்குள் ஆயத்தமாக நேரம் கிடைக்கும். ஊருக்குள் பெய்யும் மழை அந்த அவகாசத்தைத் தராது. அந்தக் கொஞ்ச நேரத்தில் யார், யாரிடம், என்ன வார்த்தையில் சொல்வது என்பதைத்தான் நம் பகுதிக் குடியிருப்போர் சங்கங்கள் கூடி முடிவு செய்யப் போகின்றன.

வருவாய்த் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், கூட்டத்தில் வந்த மூன்று யோசனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனால் மற்ற இரண்டையும் முன்வைத்தவர்கள் சாதாரணமாகச் சொல்லவில்லை. அவர்கள் சொன்னதிலும் பட்டறிவு இருக்கிறது.

முதல் யோசனை, தெரிந்தவர்கள் வழியாகப் போவது. ஒவ்வொரு துறையிலும் நமக்குப் பழக்கமான ஆள் இருக்கிறார். அவர்கள் எண்களை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துக்கொண்டால் போதும். இரண்டாவது, ஒற்றைத் தலைமை. ஒரே ஓர் அதிகாரியிடம் மொத்தப் பொறுப்பையும் விட்டுவிட வேண்டும். நாம் அவரிடம் மட்டும் பேசுவோம், அவர் எல்லாத் துறைக்கும் உத்தரவு போடுவார். மூன்றாவது, பொது முறை. எந்தத் துறை வந்தாலும் ஒரே வார்த்தை, ஒரே இடப்பெயர், ஒரே பொறுப்புப் பட்டியல், ஒரே கூடுமிடம் என்று முன்கூட்டியே பேசி எழுதி வைத்துக்கொள்வது. நாட்டில் ஏற்கெனவே இதற்கு ஓர் அமைப்பு இருக்கிறது. அதற்குள் நம் பகுதியைப் பொருத்துவது.

அந்த நாற்பது நிமிடம்

சில வருடங்களுக்கு முன் ஓர் ஐப்பசி ராத்திரி. நான் அப்போது பணியில் இருந்தேன். கண்மாய் நிறைந்து மறுகாலில் வழியும் தண்ணீர் திசை திரும்பி ஒரு சந்துக்குள் ஏறிவிட்டது. இடுப்பளவு. சந்தின் நடுவில் ஓர் ஓட்டு வீடு. உள்ளே பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக ஓர் ஆத்தா. கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் அடுக்கி உயர்த்தி வைத்துவிட்டு, மகள் தண்ணீரில் நின்றபடி கட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

தீயணைப்பு வண்டி சந்து முனைக்கு நேரத்துக்கு வந்துவிட்டது. வீரர்கள் கயிறும் மிதவையுமாக இறங்கத் தயார். ஆனால் மின்கம்பி ஒன்று அறுந்து தண்ணீரில் கிடந்தது. கரண்டை நிறுத்தாமல் ஆளை இறக்க மாட்டேன் என்றார் அவர்களது அலுவலர். அவர் சொன்னது சரி.

மின் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். தெருப் பெயரைச் சொன்னேன்.

‘சார், தெருப் பேரு வேணாம். எந்த டிரான்ஸ்பார்மர்னு சொல்லுங்க.’

எனக்குத் தெரியவில்லை. வார்டு எண்ணைச் சொன்னேன்.

‘வார்டு மாநகராட்சிக்கு சார். எங்களுக்கு டிரான்ஸ்பார்மர் பேருதான் கணக்கு.’

சரி, பல டிரான்ஸ்பார்மர்களுக்குக் கரண்ட் கொண்டுபோகும் ஃபீடரையே நிறுத்திவிடுங்கள் என்றேன்.

‘நிறுத்திரலாம் சார். ஆனா தண்ணிய வெளியேத்துற மோட்டாரும் அதே ஃபீடர்லதான் ஓடுது. பரவாயில்லையா?’

அவர் கேட்டதும் சரி. மோட்டார் நின்றால் அடுத்த இரண்டு தெருவும் மூழ்கும். கடைசியில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் பின்தெரு வழியாகச் சுற்றிப் போய், டார்ச் அடித்து, டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு ஓடி வந்தான். லைன்மேன் அந்த ஒரு டிரான்ஸ்பார்மரை மட்டும் இறக்கினார். ஆத்தாவைக் கட்டிலோடு தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். அதற்குள் நாற்பது நிமிடம் போயிருந்தது. வெளியே வந்த பிறகு ஆம்புலன்ஸைக் காணோம். அது சந்தின் மறுமுனையில் நின்றுகொண்டிருந்தது. தீயணைப்புக்கு யாரோ ‘மாரியம்மன் கோயில் பக்கம்’ என்று சொல்லியிருக்கிறார்கள், 108-க்கு வேறு யாரோ ‘ரேஷன் கடை பக்கம்’ என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் அதே சந்துதான். இரண்டு முனைகள்.

மறுநாள் அந்த லைன்மேனைத் தேடிப் போய்ப் பேசினேன். ‘அந்த வீட்டு மின் இணைப்பு எண்ணைச் சொல்லியிருந்தாலே போதும் சார். பிரிவு, பகிர்மானம் எல்லாம் அந்த நம்பருக்குள்ளயே இருக்கு. அதை வெச்சே எந்த டிரான்ஸ்பார்மர்னு பாத்துருப்போம்’ என்றார். அந்த எண் அந்த வீட்டு மின் அட்டையிலேயே எழுதியிருந்தது. அன்று இரவு முழுக்க எங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சோம்பேறி ஒருவர்கூட அங்கே இல்லை. அவரவர் துறைக்குள் அவரவர் சரியாகவே செய்தார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஒரே சந்துக்கு ஆறு பெயர். மாநகராட்சிக்கு அது வார்டு. மின்சாரத்துக்கு டிரான்ஸ்பார்மர். காவல் துறைக்கு ஸ்டேஷன் எல்லை. எங்கள் வருவாய்த் துறைக்குக் கிராமமும் சர்வே எண்ணும். நீர்வளத் துறைக்கு இன்ன கண்மாய், இன்ன மறுகால். ஆம்புலன்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு கட்டடம். ஆறையும் ஒரே தாளில் யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. எழுதியிருந்தால் அந்த நாற்பது நிமிடம் பத்தாகியிருக்கும். மூன்று யோசனைகளையும் இந்தச் சந்தில் நிறுத்தித்தான் நான் எடை போடுகிறேன்.

தெரிந்தவர் வழி

முதல் யோசனையின் பலம் அதன் வேகம். தெரிந்தவர் என்றால் நள்ளிரவிலும் போனை எடுப்பார். ‘அண்ணே, நம்ம தெரு’ என்று சொன்னால் போதும், பாதி வேலை முடிந்தது. இதை நான் குறைத்துப் பேச மாட்டேன். 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத் தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கியபோது, பக்கத்து ஊர்க்காரர்கள் மலைக்குள் ஏறித் தீக்காயம் பட்டவர்களைத் தூக்கி இறக்கினார்கள். மலைப் பாதை அவர்களுக்குத்தான் தெரியும். 23 உயிர்கள் போன அந்தத் துயரத்தில் அவர்களுக்கு இருந்த பாதை அறிவு இல்லாவிட்டால் எண்ணிக்கை இன்னும் கூடியிருக்கும் என்பது என் நம்பிக்கை. உள்ளூர்க்காரரை ஒதுக்கி வைக்கும் எந்தத் திட்டமும் திட்டமாகாது.

ஆனால் தெரிந்தவர் மாற்றலாகிப் போவார். நம் துறைகளில் இரண்டு, மூன்று வருடத்துக்கு மேல் ஒரே நாற்காலியில் இருப்பவர் குறைவு. நாம் பழகி வைத்திருப்பது ஆளோடு. அவர் தேனிக்கோ விருதுநகருக்கோ போனால் அந்தப் பழக்கமும் கூடவே போய்விடும். துறைகள் இப்போது பதவிக்கென்று சியுஜி எண் (அலுவலகக் குழு செல்போன் எண்) கொடுத்து, ஆள் மாறினாலும் எண் மாறாமல் வைத்திருப்பதே இந்த அனுபவத்தால்தான்.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 மழையில் அப்படி ஒரு குழுவில் நானும் இருந்தேன். ஒரு மணி நேரத்துக்குள் நூற்றுக்கணக்கான செய்திகள். அதில் ஒரே தெருவின் வீடியோ பல முறை. போன வருடத்து வீடியோவும் ஒன்று. இதற்கு நடுவில் ‘டயாலிசிஸ் போக வேண்டிய அப்பாவை எப்படிக் கூட்டிப் போவது?’ என்று ஒரு பெண் கேட்ட கேள்வி யார் கண்ணிலும் படாமல் மேலே போய்விட்டது. செய்தி குறைவாக இருந்ததால் வந்த கோளாறு அல்ல அது. எந்தச் செய்தியை யார் பார்க்க வேண்டும் என்று பிரிக்க ஆள் இல்லை.

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது ஒன்று உண்டு. தெரிந்தவர் யாரும் இல்லாதவர் என்ன செய்வார்? நம் பகுதியிலேயே வாடகைக்கு வந்து ஆறு மாதம் ஆனவர்கள் இருக்கிறார்கள். கட்டட வேலைக்கு வந்து பத்துப் பேராக ஓர் அறையில் தங்கியிருக்கும் வடமாநிலத் தம்பிகள் இருக்கிறார்கள். 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை மதுரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்தது. லக்னோவிலிருந்து கிளம்பி, ராமேஸ்வரம் போவதற்காக நாகர்கோவிலிலிருந்து மதுரைக்கு வந்திருந்த யாத்ரீகர்கள். பெட்டிக்குள் விதியை மீறி எடுத்து வந்திருந்த சமையல் கேஸ் சிலிண்டரிலிருந்து பரவிய தீயில் ஒன்பது பேர் இறந்துபோனார்கள். காலை ஐந்தேகால் மணிக்கு, மொழி தெரியாத ஊரில், அந்த யாத்ரீகர்களுக்கு மதுரையில் எந்த அண்ணனைத் தெரியும்? ரயில்வே, தீயணைப்பு, காவல், 108, அரசு ராஜாஜி மருத்துவமனை என்று இத்தனை கைகள் அங்கே சேர வேண்டியிருந்தது. அந்தக் கைகள் ஒன்றையொன்று முன்பே அறிந்திருப்பது மட்டுமே அப்படிப்பட்டவர்களுக்கு இந்த ஊர் தரக்கூடிய சொந்தம்.

அதனால் முதல் யோசனையைத் தனி வழியாக என்னால் ஏற்க முடியவில்லை.

ஒற்றைத் தலைமை

இரண்டாவது யோசனைக்குக் கூட்டத்தில்தான் அதிகக் கைதட்டல். ‘நாலு பேரு நாலு பக்கம் இழுக்கக் கூடாது, ஒரு ஆளு சொல்லணும், எல்லாரும் கேக்கணும்’ என்றார் ஒரு பெரியவர். குழப்பத்தைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு அது இயல்பாகத் தோன்றும்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். கெட்டிக்கார அதிகாரி ஒருவர். மழைக் காலத்தில் கண்ட்ரோல் ரூமில் இரண்டு போன்களோடு உட்கார்ந்தார். படகு எங்கே போக வேண்டும், ஜேசிபி எங்கே நிற்க வேண்டும், முகாமுக்குச் சாப்பாடு எத்தனை பொட்டலம், பால் பவுடர் வந்ததா, எல்லாவற்றுக்கும் அவரே பதில். முதல் ஆறு மணி நேரம் அற்புதமாக நடந்தது. பிறகு வரிசை நீண்டது. களத்தில் இருந்தவர்கள் அவருக்காகக் காத்திருந்தார்கள். அவர் எண் எப்போதும் பிஸி. ராத்திரி இரண்டு மணிக்கு அவர் போனில் அறுபது தவறிய அழைப்புகள். விடிந்தபோது, எந்த முகாமுக்கு எத்தனை பேரை அனுப்பினோம் என்பது அவர் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. அவர் மேசையிலேயே தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அடுத்து வந்தவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தார்.

ஒருவர் நேரடியாக மூன்று முதல் ஏழு பேரைத்தான் நன்றாக மேற்பார்க்க முடியும், ஐந்து பேர் என்றால் உத்தமம் என்பது பேரிடர் மேலாண்மையில் எங்கும் ஒப்புக்கொண்ட கணக்கு. ஒற்றைத் தலைமை என்று நாம் சொல்வது ஒருவர் தலையில் அறுபது பேரை ஏற்றுவது.

இன்னொன்று, பார்வை. 2022 ஏப்ரல் 16 அன்று, கொரோனாவால் இரண்டு வருடம் மக்கள் இல்லாமல் நடந்த பிறகு, கள்ளழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க லட்சக்கணக்கில் கூட்டம் திரண்டது. நெரிசலில் இருவர் இறந்தார்கள். வைகையின் இரண்டு கரையிலும், பாலத்திலும், சந்துகளிலும் நிற்கும் கூட்டத்தை ஒரு ஜோடிக் கண் பார்த்துவிட முடியாது. பாலத்தின் மேல் நிற்கும் காவலர் கண்ணும், மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர் கண்ணும், முதலுதவிப் பந்தல் செவிலியர் கண்ணும் ஒரே இடத்தில் வந்து சேர வேண்டும். தலைமை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தலைமைக்குக் கீழே பங்கு பிரிக்காத தலைமை வேண்டாம் என்கிறேன்.

பொது முறை

1970-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பதின்மூன்று நாள் காட்டுத் தீ. பதினாறு பேர் இறந்தார்கள், எழுநூறு கட்டடங்கள் வரை எரிந்தன. பல ஊர்களின் தீயணைப்புப் படைகள் உதவிக்கு வந்தன. ஆனால் ஒரு படை சொல்லும் வார்த்தை இன்னொரு படைக்கு வேறு அர்த்தம். ஒருவர் வயர்லெஸ் இன்னொருவர் வயர்லெஸ்ஸோடு பேசாது. யாருக்கு யார் மேல் என்பதும் தெரியாது. நம் சந்தில் நடந்ததன் பெரிய உருவம். அந்தப் பாடத்திலிருந்துதான் எல்லாத் துறைக்கும் பொதுவான ஒரு களநிர்வாக முறையை அவர்கள் உருவாக்கினார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் காவல் துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் இடையில் தகவல் சரியாகப் போய்ச் சேராதது பெரும் கேள்வியானது. 343 தீயணைப்பு வீரர்கள் அன்று இறந்தார்கள். 2004-ல் அந்தப் பொது முறை நாடு முழுவதற்குமான கட்டமைப்பானது.

இந்தியாவில் 2005-ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. 2010-ல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இதே அடிப்படையில், நம் ஆட்சியர், தாசில்தார் அமைப்புக்கு ஏற்றபடி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மாவட்டத்துக்கு ஆட்சியர் பொறுப்பு. களத்துக்கு ஒரு தளபதி. அவருக்குக் கீழே மூன்று கைகள்: மீட்பு வேலையைச் செய்வது ஒன்று, தகவல் திரட்டி அடுத்த சில மணி நேரத்துக்குத் திட்டம் போடுவது ஒன்று, சாப்பாடு, டீசல், படகு, ஜெனரேட்டர் என்று பொருள் சேர்ப்பது ஒன்று. தளபதிக்குப் பக்கத்தில் மூன்று பேர்: செய்தியாளர்களிடம் பேச ஒருவர், மற்ற துறைகளையும் தன்னார்வலர்களையும் இணைக்க ஒருவர், பாதுகாப்பை மட்டும் கவனிக்க ஒருவர்.

கடைசியாகச் சொன்ன அந்த ஆளைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2020 தீபாவளி அன்று விடிவதற்கு முன், விளக்குத்தூண் பக்கத்தில் ஒரு பழைய ஜவுளிக்கடைக் கட்டடத்தில் தீ. அணைக்கப் போன இரண்டு தீயணைப்பு வீரர்கள், கட்டடம் இடிந்து விழுந்து இறந்துபோனார்கள். ஊரே பட்டாசு வெடித்துக்கொண்டிருந்த காலையில் அவர்கள் வீட்டில் நடந்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. இந்த முறை இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் எல்லோரும் தீயைப் பார்க்கும்போது ஒருவராவது சுவரைப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் ‘நிறுத்து, வெளியே வா’ என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருப்பதன் அர்த்தம் அன்று எனக்குப் புரிந்தது. அந்தக் கட்டடத்தின் வயது என்ன, மேல்தளம் எப்படி என்று சொல்லக்கூடிய ஆள் வேறு துறையில்தான் இருப்பார். அவரையும் அந்த இடத்துக்கு வரவழைப்பது முறையின் வேலை.

வெளிநாட்டு முறை நமக்கு எதற்கு என்று ஒருவர் கேட்டார். நமக்கு இது புதிதே இல்லை. தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் போய்ப் பாருங்கள். காளையைப் பார்க்கக் கால்நடை மருத்துவர், வீரரைப் பார்க்க மருத்துவக் குழு, இரட்டைத் தடுப்பு வேலியைப் பார்க்கப் பொறியாளர், வாடிவாசலில் காவல், பக்கத்தில் தயாராக 108. ஒவ்வொரு சுற்று வீரருக்கும் ஒரு நிறச் சட்டை, எண். குத்துப்பட்டவரை எந்த வழியாகத் தூக்க வேண்டும், எங்கே முதலுதவி, எந்தக் காயம் என்றால் ராஜாஜி மருத்துவமனை என்பதை அங்கே நின்று யாரும் விவாதிப்பதில்லை. அதிகாரிகள் வருடா வருடம் மாறுகிறார்கள். ஏற்பாடு மாறுவதில்லை. ஒரு நாள் விளையாட்டுக்கு நம்மால் இது முடிகிறது.

இன்னும் பின்னால் போனால் ஆவணி மூலத்தில் நாம் கொண்டாடும் பிட்டுத் திருவிழாவே வைகை வெள்ளத்தின் கதைதான். கரையை அடைக்க வீட்டுக்கு ஒரு பங்கு என்று பாண்டியன் அளந்து கொடுத்தான். எல்லோர் பங்கும் உயர்ந்துவிட்டது. ஆளில்லாத வந்திக் கிழவியின் பங்கு மட்டும் கிடந்தது. சுந்தரேசர் கூலியாளாக வந்து பிட்டு தின்றதையும் பிரம்படி பட்டதையும் நாம் பக்தியோடு நினைக்கிறோம். வருவாய்த் துறைக்காரனான எனக்கு அந்தக் கதையில் இன்னொன்றும் தெரிகிறது. பங்கு அளந்து வைத்திருந்ததால்தான் எந்த இடம் அடைபடவில்லை என்பது உடனே தெரிந்தது. அளக்காத கரையில் ஓட்டை எங்கே என்பதைத் தண்ணீர்தான் சொல்லும்.

மூன்றாவது யோசனையின் பலவீனங்களையும் சொல்லிவிட வேண்டும். படிவங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றன. தலையாரிக்கும் லைன்மேனுக்கும் அவை எட்டுவதில்லை. ஒத்திகை என்ற பெயரில் காலையில் கூடி, ஒரு ஆளை ஸ்ட்ரெச்சரில் தூக்கி, படம் எடுத்து, பத்தரைக்குக் கலைந்த நாட்களில் நானும் நின்றிருக்கிறேன். அந்தஸ்துச் சிக்கலும் உண்டு. களத் தளபதி என்று எழுதப்பட்டவரைவிடப் பெரிய அதிகாரி ஒருவர் ஸ்பாட்டுக்கு வந்து இறங்கினால், எல்லோர் கண்ணும் அவர் பக்கம் திரும்பிவிடும். இது நம் நிர்வாகத்தில் ஆழமாக ஊறிய பழக்கம். வழிகாட்டு நெறி வெளியானதால் மட்டும் மாறாது. ஆனாலும் அந்தப் பெரிய அதிகாரியே ‘இங்கே பொறுப்பு யார்? அவரிடம் கேளுங்கள்’ என்று சொன்ன ஒரு நாளையும் பார்த்திருக்கிறேன். அன்று வேலை நடந்த அழகு வேறு.

எதை எடுப்பது

அந்தச் சந்தில் மூன்றையும் நிறுத்திப் பார்ப்போம். தெரிந்தவர் வழியில் போயிருந்தால், அந்த டிரான்ஸ்பார்மரைத் தெரிந்த லைன்மேன் அன்று ஷிஃப்டில் இருந்திருந்தால் ஐந்து நிமிடம். இல்லையென்றால் அதே நாற்பது. ஒற்றைத் தலைமையில், அவர் எண் கிடைத்திருந்தாலும் அவரும் ‘எந்த டிரான்ஸ்பார்மர்?’ என்ற கேள்வியில்தான் போய் முட்டியிருப்பார். ஏனென்றால் உத்தரவு போட ஆள் இல்லாமல் அன்று வேலை நிற்கவில்லை. பொது முறையில், ஆறு பெயரும் எழுதிய தாள் தீயணைப்பு வண்டியிலும் இருக்கும், மின் அலுவலகச் சுவரிலும் இருக்கும், நம் சங்கத்துக்காரர் கையிலும் இருக்கும். ஆம்புலன்ஸும் தீயணைப்பும் ஒரே முனைக்கு வரும்.

ஆகவே என் வாக்கு மூன்றாவதுக்கு. ஆனால் மற்ற இரண்டையும் முழுக்கத் தூக்கிப் போடாமல் இரண்டு விஷயங்களை அவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். முதலாவதிலிருந்து உள்ளூர் அறிவு: எந்த வீட்டில் படுக்கை நோயாளி, எந்த வீட்டில் டயாலிசிஸ், எந்த அறையில் வெளிமாநிலத் தம்பிகள், எந்த மேன்ஹோல் மூடி இல்லாமல் இருக்கிறது என்பதெல்லாம் எந்தத் துறைக்கும் தெரியாது, நமக்குத்தான் தெரியும். இரண்டாவதிலிருந்து ஒற்றைக் குரல்: நம் ஐந்து சங்கங்களின் சார்பில் துறைகளோடு பேச ஒரே ஆள், அவர் தூங்கும்போது பேச இன்னொருவர், இருவருக்கும் நடுவில் கைமாறும் ஒரு நோட்டு. அறுபது பேர் அறுபது எண்ணுக்குப் போன் போடும் பழக்கத்தை நாம்தான் முதலில் நிறுத்த வேண்டும். 101, 108, 112 ஆகியவற்றுக்குத் தனியாக அழைக்கக் கூடாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. உயிருக்கு ஆபத்து என்றால் யாரும் யாரிடமும் கேட்காமல் அழைக்க வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. மின்சாரத்துக்கு மின்னகம் 94987 94987. இவை எல்லாப் படிக்கட்டிலும் ஒட்டியிருக்கட்டும்.

கண்மாய்க்கும் மூன்று எண் வேண்டும். மறுகால் பாலத்தின் தூணில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று கோடு. மஞ்சளைத் தண்ணீர் தொட்டால் வண்டிகளை மேட்டுக்கு ஏற்றுவது, ஆரஞ்சுக்குப் படுக்கை நோயாளிகளை நகர்த்துவது, சிவப்புக்கு எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போவது. கோடுகளை எந்த உயரத்தில் போடுவது என்பதை நீர்வளத் துறைப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். நாமாகக் கண்ணால் பார்த்துப் போட்டுவிடக் கூடாது. பாலத்தில் பெயின்ட் அடிக்கவும் அனுமதி வாங்க வேண்டும். மனுவை எழுதி வைத்திருக்கிறேன்.

செலவு என்று பார்த்தால் பெயின்ட், கொஞ்சம் லேமினேஷன், இரண்டு ஞாயிற்றுக்கிழமை. துறைகளிடமிருந்து நாம் கேட்பது, மழைக்கு முன் ஒரே ஒரு நாள் அவர்கள் ஆளும் நம் ஆளும் சேர்ந்து தெருத் தெருவாக நடப்பது. அதற்கு லைன்மேன் ஒருவரும் மாநகராட்சி உதவிப் பொறியாளர் ஒருவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

வரும் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு மறுகால் பாலத்தில் கூடுவோம். முதலில் அந்தச் சந்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்று நினைக்கிறேன். வரும்போது அவரவர் வீட்டு மின் அட்டையை மறக்காமல் கையோடு எடுத்து வாருங்கள்.